மூத்தவருக்கு வந்த பங்கு

நாங்கள் குடியிருந்த பேஸ்மென்டுக்கு இறங்கும் படிக்கட்டின் சுவரில் ஒரு வீடு தொங்கியது. நீர்வண்ணத்தில் தீட்டிய படம்தான். ஆனால் ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், வெளியே கால் வைக்கப் பயந்துகொண்டு, நான் அந்த வீட்டுக்குள்தான் அதிகம் நடமாடினேன். சாம்பல் நிறக் கல்லால் கட்டிய நீளமான வீடு. ஜன்னல்களை எண்ணத் தொடங்கினால் பாதியில் கணக்கு மறந்துபோகும். முன்னால் ஒரு குளம். குளத்துக்கு அப்பால் மானா மாடா என்று தெரியாத சில புள்ளிகள் மேய்ந்துகொண்டிருந்தன. உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும்போது நடுப்படியில் நின்று பார்ப்பேன். பிறகு மத்தியான நித்திரையில் அதன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவேன். ஓர் அறைக்குள் இன்னோர் அறை, அதற்குள் இன்னொன்று. எல்லாக் கதிரைகளிலும் யாரோ இப்போதுதான் எழும்பிப் போன சூடு இருக்கும். கண் விழித்தால் தாழ்ந்த கூரையும், தலைக்கு மேலே ஓடும் குழாய்களும், ஜன்னலைப் பாதிக்கு மூடி நிற்கிற பனியும் இருக்கும்.

நாங்கள் இருந்தது ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் என்கிற பகுதியில் ஒரு சின்ன வீடு. மேலே வீட்டுக்காரர், கீழே நானும் இவரும் எங்கள் மகளும். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. வீட்டுக்காரர் இங்கிலாந்தில் பிறந்து, இளவயதிலேயே கனடாவுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தன் வீட்டிலேயே விருந்தாளி போல நடக்கிற மனிதர். எங்கள் கதவைத் தட்டிவிட்டு, நாங்கள் திறப்பதற்குள் பின்னால் தள்ளிப் போய் நின்றுகொள்வார். இப்படியும் ஒரு வீட்டுக்காரரா என்று எனக்கு ஆரம்பத்தில் சந்தேகமாகவே இருந்தது, பிறகு பிடித்துப்போனது.

படத்தில் இருப்பது யாருடைய வீடு என்று ஒருநாள் கேட்டேன். என் அண்ணனுடையது என்று சொல்லிவிட்டுப் பனி அள்ளப் போய்விட்டார். மிச்சக் கதையைச் சொன்னவர் அவருடைய மூத்த மகன்.

மூத்தவர் கூரை வேலை செய்பவர். நாற்பதை எட்டிப்பிடிக்கிற வயது, கலியாணம் கட்டவில்லை. சனிக்கிழமைகளில் தகப்பனைப் பார்க்க வருவார். வந்தால் எங்கள் அடுக்களையிலும் ஒரு பால் தேத்தண்ணி குடிக்காமல் போகமாட்டார். படத்து வீட்டில் இருக்கிற பெரியப்பா ஒரு பிரபு என்றும், அந்தப் பட்டமும் வீடும் நிலமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்றும், யாரும் விற்கவோ பிரிக்கவோ விரும்பியவருக்குக் கொடுக்கவோ முடியாது என்றும் சொன்னார். பெண்பிள்ளைகளுக்கு வராது. ஆணுக்கு, அதிலும் மூத்த ஆணுக்குத்தான் போகும். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அவருக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு நான் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பேராசை ஒன்றும் இருக்கவில்லை. பேராசை இருந்திருந்தால் பின்னால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

அவருக்கு வேண்டியது அந்தக் கூரை. சிறுவயதில் கோடை விடுமுறைக்கு அங்கே போனபோது, மேல்மாடி நடையெல்லாம் வாளி வைத்து ஒழுக்குப் பிடித்திருந்தார்களாம். இரவு முழுக்க அந்த வாளிகளில் சொட்டுச் சொட்டாய் விழும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தாராம். பெரியப்பா அவர் தலையைத் தடவி, நீ பெரியவனாகி வந்து இதைத் திருத்து என்று சொல்லியிருக்கிறார். விளையாட்டாகச் சொன்னதுதான். மூத்தவர் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டார். படிப்பை விட்டு, பழைய தேவாலயங்களின் கூரை பிரிக்கிறவர்களோடு சேர்ந்து, கற்பலகை வெட்டவும் அடுக்கவும் ஈயத்தகடு மடிக்கவும் பழகினார். ஸ்காபரோவில் யாருக்கு வேண்டும் கற்பலகைக் கூரை? வயிற்றுப்பாட்டுக்கு எல்லோரையும் போலத் தார்த்தகடு அடித்தார். கனவுக்குக் கல் அடுக்கினார். எங்கள் மேசையில் பிஸ்கட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி அடுக்கி, மழை எப்படி வழுக்கி ஓடும் என்று மகளுக்குக் காட்டுவார். அவள் மழை முடிவதற்குள் கூரையைத் தின்றுவிடுவாள்.

வீட்டுக்காரருக்கு இரண்டாவது மகன் ஒருவர் வன்கூவரில் இருந்தார். கொம்பியூட்டர் விற்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். படத்து வீட்டைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை என்று மூத்தவர் சொல்வார்.

இப்படி இருக்கையில் எங்களுக்கு இரண்டாம் முறை கலியாணம் நடந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஊரில் எங்கள் கலியாணம் சண்டைக்கு நடுவே ஒரு சின்னக் கோயிலில் நடந்தது. தாலி கட்டியாயிற்று, சாப்பாடும் ஆயிற்று. எழுத்து மட்டும் நடக்கவில்லை. கலியாணத்தைப் பதிவு செய்கிறதை எங்கள் பக்கத்தில் எழுத்து என்பார்கள். எழுதுகிறவர் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து போயிருந்தார். பிறகு எழுதலாம் என்று விட்டோம். மகள் பிறந்தாள், இவர் கனடாவுக்குப் போனார், நானும் மகளும் பின்னால் வந்து சேர்ந்தோம். எழுத்து அப்படியே கிடந்தது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான். தாலி கட்டினால் கலியாணம், எழுத்து என்பது கந்தோர்க் கடதாசி அலுவல். கடைசியில் எங்கள் குடிவரவு அலுவலைப் பார்த்த லோயர்தான், இங்கே ஒருமுறை எழுதிவிடுங்கள், எல்லாவற்றுக்கும் சுகம் என்று சொன்னார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டோம். அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். மூத்தவர் தன் வான் வண்டியிலிருந்த ஏணிகளை இறக்கி வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போனார். கூறைச்சேலைக்கு மேலே தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு, ஏற்கெனவே கழுத்தில் தாலியோடு, நான் மறுபடியும் மணப்பெண்ணாக நின்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். திரும்பி வந்து பேஸ்மென்டில் வடையும் லட்டுமாக ஒரு சின்ன விருந்து வைத்தோம். இவருடைய சிநேகிதர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அங்கேதான் இவர் எழும்பி நின்று பகிடி விட்டார்.

“தாய் தகப்பன்ரை கலியாணத்துக்குப் பிள்ளை வந்து லட்டுத் தின்னுது. உலகத்திலை எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்தக் குடுப்பினை?”

எல்லோரும் விழுந்து சிரித்தார்கள். சாட்சிக்காரர்களுக்கும் விளங்கவேண்டும் என்று இவர் அதை ஆங்கிலத்திலும் சொன்னார். கடதாசிப்படி பார்த்தால் என் பிள்ளை என் கலியாணத்துக்கு மூத்தது என்று இன்னும் ஒரு படி கூட்டியும் சொன்னார். எங்களுக்கு அது கடதாசியைப் பற்றிய பகிடி. மூத்தவர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்து, மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, உன்னிடம் அனுமதி கேட்டுத்தான் இவர்கள் கலியாணம் செய்தார்களா என்று கேட்டார். வீட்டுக்காரர் மட்டும் கையிலிருந்த தட்டை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்று மேலே போனார். பகிடி அவருக்குப் பிடிக்கவில்லையாக்கும், வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் கூடாதாக்கும் என்று நானும் இவரும் அன்று முழுக்க மனம் குழம்பிக்கொண்டிருந்தோம்.

சில நாட்கள் கழித்து, இவர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில், வீட்டுக்காரர் கீழே வந்தார். அன்றுதான் முதன்முதலாக எங்கள் மேசையில் உட்கார்ந்தார். தேத்தண்ணியை வைத்தேன். வெளியே பனி ஓசையில்லாமல் பெய்தது. அடுக்களை முழுக்கப் பால் கரைத்துவிட்டாற்போல ஒரு வெளிச்சம். உங்கள் மகள் கலியாணத்துக்கு முன்னால் பிறந்தவள் என்று கடதாசி சொல்கிறதே, அதனால் அவளுக்கு ஏதாவது கெட்டுப்போகுமா என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போகிறது என்று சொன்னேன். அம்மாவுக்கு அவர் தாய் சீதனமாகக் கொடுத்த வீடு எனக்கு வந்தது, என்னிடமிருந்து மகளுக்குப் போகும். இப்போது அதற்குள் ஆமி முகாம் போட்டிருக்கிறது. யார் இருந்தாலும் வீடு அவளுடையதுதான், எந்தக் கடதாசியில் எந்தத் தேதி இருந்தால் என்ன என்றேன். நுழைய முடியாத வீட்டுக்குச் சொந்தக்காரி என்ன மிடுக்காகப் பேசினேன் என்று இப்போது நினைக்க எனக்கே வியப்பாக இருக்கிறது.

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “என் கலியாணத்துக்கும் ஒரு பிள்ளை வந்து கேக் சாப்பிட்டது.”

அவர் விரும்பிய பெண்ணுக்கு முதல் கலியாணத்திலிருந்து விடுதலை கிடைக்க நாளாயிற்று. அது கிடைப்பதற்குள் மூத்தவர் பிறந்துவிட்டார். கலியாணப் படம் எடுத்தபோது, நடக்கப் பழகியிருந்த பிள்ளையைப் படக்காரரின் மனைவி கமராவுக்குப் பின்னால் பிடித்து வைத்திருந்தாளாம். படத்தில் இருவரும் புன்னகைப்பது ஒருவரையொருவர் பார்த்தல்ல, அந்தப் பிள்ளையைப் பார்த்து. பிறகு இரண்டாவது மகன் பிறந்தார். கணவனும் மனைவியுமாகப் பேசிவைத்துக்கொண்டு, கலியாண நாளைக் கொண்டாடும்போதெல்லாம் வருடத்தைக் கூட்டிச் சொல்லி வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது.

தாய் தகப்பன் பின்னால் கலியாணம் செய்தாலும் பிள்ளை முறையான பிள்ளைதான் என்று இப்போது எல்லா இடமும் சட்டம் வந்துவிட்டது என்றார். இங்கிலாந்திலும் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் ஒரு கதவை மட்டும் பூட்டி வைத்திருக்கிறார்கள். பட்டத்துக்கும் பட்டத்தோடு கட்டிய சொத்துக்கும் அது செல்லாது. கலியாணத்துக்குப் பிறகு பிறந்தவன்தான் வாரிசு. ஆகவே படத்து வீடு மூத்தவருக்கு இல்லை. அது வன்கூவரில் கொம்பியூட்டர் விற்கிறவருக்கு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அரைகுறை ஆங்கிலத்தில், நீங்கள் சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். லண்டனில் லோயர்மார் சான்றிதழ்களைக் கேட்பார்கள், தேதி பார்ப்பார்கள் என்றார். அப்படியென்றால் அந்த மனுசனைக் கூரை பழக ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். முதலில் அது ஒரு சின்னப் பிள்ளையின் கனவாக இருந்தது. அண்ணனுக்கு எப்படியும் ஒரு மகன் பிறப்பான், எதுவும் என் பக்கம் வராது என்று நம்பினேன். நித்திரையில் சிரிக்கிற பிள்ளையை யாராவது எழுப்புவார்களா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு நாற்பது வயதாகிவிட்டது.

வேலையால் வந்த இவரிடம் சொன்னேன். இவர் சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். “உவையளுக்கு விசரே? முதல் பிறந்தவன் முதல் பிறந்தவன்தானே. கடதாசி வந்தாப் போலை அவன் இரண்டாவதாப் பிறந்திடுவானோ?” என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். பிறகு தான் விட்ட பகிடி நினைவுக்கு வர, சாப்பிடாமலே எழும்பிப் போய்க் கையைக் கழுவினார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் அண்ணன்காரர் இறந்துபோனார். எங்கள் வீட்டுக்காரர் பிரபு ஆனார். ஒன்றும் மாறவில்லை. பட்டத்தோடேயே குப்பைப் பையை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பட்டத்தோடேயே இலை கூட்டினார். இவர் மட்டும் அவரைக் கண்டால் கதிரையை விட்டு எழும்பத் தொடங்கினார். அவர் கூச்சப்பட்டு, தயவுசெய்து இருங்கள் என்று கெஞ்சுவார். நம்மை ஆண்டவர்களின் பிரபு ஒருவர் எங்கள் பேஸ்மென்ட் வாசலில் நின்று கெஞ்சுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது, பொய் சொல்லவில்லை.

மூத்தவருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அப்பாவுக்கு உடம்பு இடம் கொடுக்காது, நானே போய்க் கூரையைத் தொடங்குகிறேன் என்று ஒவ்வொரு சனியும் வந்தார். பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கு மேல்வீட்டு வாழ்க்கை முழுக்கக் காலடிச் சத்தம்தான். அந்த வீட்டு மேல்மாடி நடை எவ்வளவு நீளம் என்று தகப்பனுக்குக் காட்ட, அவர் எங்கள் தலைக்கு மேலே அடியெடுத்து வைத்து அளப்பது கேட்கும். எங்கள் வீடு போதாமல், சுவர் வந்ததும் திரும்பி, மறுபடி திரும்பி, அவர் நடந்துகொண்டே இருப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். அந்த நீண்ட நடையும், அதன் இருபக்க ஜன்னல்களும், வாளிகளில் விழும் மழையும் எனக்கும் தெரியும். இந்த மனுசன் தனக்கு இல்லாத வீட்டுக்குள் நடக்கிறார், அதை அவருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் முற்றத்தில் இலை கூட்டும்போது வீட்டுக்காரர் இவரிடம் கேட்டாராம்: உங்களில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது என்றால், மூத்த மகனுக்கு என்னதான் மிஞ்சும்? இவர் யோசிக்காமல் கொள்ளி என்று சொல்லியிருக்கிறார். பிறகு விளக்கியிருக்கிறார். தகப்பன் செத்தால் சிதைக்கு நெருப்பு வைப்பது மூத்த மகன். பணக்காரன் என்றாலும் பிச்சைக்காரன் என்றாலும் அது அவனுடையது. தகப்பனோடு கதை பேச்சு இல்லாதவனையும் அன்றைக்குத் தேடிக் கூட்டிவருவார்கள். ரொறொன்ரோவில் விறகும் சிதையும் ஏது என்று அவர் கேட்டாராம். இங்கே எரிக்கிற இடத்தில் ஒரு பட்டன் இருக்கிறது, அதை மூத்த மகன் அமத்துவான், பெட்டி உள்ளே போகும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பங்கை யாராவது சட்டம் போட்டு எடுக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, “எடுத்தால் ஊர் சிரிக்கும்” என்றாராம் இவர்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மூத்தவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். கீழே நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். மேலே இரண்டு பேர் காலடியும் கேட்டது, பிறகு ஒரு கதிரை இழுபட்டது, பிறகு ஒன்றுமே இல்லை. கடைசியில் மூத்தவர் பக்கக் கதவால் வெளியே போக வந்தார். அந்த வழியில்தான் படிக்கட்டும் படமும். அறைக் கதவு இடுக்கால் அவரைக் கண்டேன். படம் கொஞ்சம் சரிந்திருந்தது. அதை இரண்டு கையாலும் நேராக்கி, தள்ளி நின்று பார்த்து, இன்னொருமுறை நேராக்கினார். பிறகு போய்விட்டார். நான் மடித்த உடுப்பையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். என்னுடைய வீட்டை நினைத்தும் அழுதேனோ தெரியாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வரவில்லை. இவர் பனி அள்ளினார். சனிக்கிழமைகளில் வீட்டுக்காரர் முன் ஜன்னலில் நிற்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். வான் எதுவும் திரும்பாத தெருவை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைகளுக்குள் அறைகளாகப் போகிற என் கனவும் நின்றுவிட்டது. அந்த வீட்டின் கதவு எனக்கும் திறக்கவில்லை.

பனி கரைந்து தெருவோரம் நீர் ஓடத் தொடங்கிய ஒரு காலை, தலைக்கு வெகு மேலே சுத்தியல் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். மூத்தவர் எங்கள் வீட்டுக் கூரையில் இருந்தார். காற்றுப் பிய்த்த தார்த்தகடுகளை உரித்து எறிந்துகொண்டிருந்தார். கீழே தகப்பன் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தேன். மூத்தவர் இறங்கி வந்து, கோப்பையை வாங்கி, கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தக் கூரையை நான் ஒருநாளும் கவனித்ததில்லை” என்றார்.

தகப்பன் ஏணியை விடவில்லை. ஆள் இறங்கிவிட்டார், இனி யாருக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்து, அவருடைய கோப்பையை ஏணிப்படியில் வைத்தேன்.

பிறகு சனிக்கிழமைகள் திரும்பி வந்தன. வீட்டைப் பற்றிய பேச்சு மட்டும் வரவில்லை. மகள் பிஸ்கட் கூரை கேட்டால் அடுக்கிக் கொடுப்பார். அவள் வளர்ந்துவிட்டாள், கூரையைத் தின்னாமல் மழை முடியும்வரை பொறுத்திருப்பாள்.

இரண்டு மூன்று வருடங்களில் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார். வன்கூவரிலிருந்து இளையவர் வந்தார். நான் நினைத்துவைத்த ஆள் அல்ல அவர். அண்ணனைக் கண்டால் கண்ணைத் தாழ்த்துகிற மனிதர். தனக்கு வரப்போகிறதை யாரிடமோ திருடியது போலச் சுமந்துகொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துப் பிரபுக்கள் எல்லோரும் படத்து வீட்டுக்குப் பக்கத்துத் தேவாலயத்தின் நிலவறையில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். தகப்பனையும் அங்கே கொண்டுபோக வேண்டும் என்று லண்டனிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். இளையவர் அதற்கான ஒழுங்குகளைத் தொடங்கியிருந்தார்.

ஒரு பின்னேரம் வீட்டுக்காரர் எல்லோரையும் கூப்பிட்டார், எங்களையும். அறை முழுக்க மஞ்சள் வெயில். அவர் குரல் மெலிந்து எங்கோ தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்து கேட்டோம். என்னை அங்கே கொண்டுபோக வேண்டாம், இங்கேயே எரியுங்கள் என்றார். இளையவர் தயங்கி, எல்லோரும் அங்கேதானே இருக்கிறார்கள் அப்பா என்றார்.

“அங்கே கொண்டுபோனால் பெட்டிக்குப் பின்னால் முதலில் நடப்பது நீ. அது அவர்கள் முறை. உன் அண்ணன் பின்னால் வருவான். இங்கே எரித்தால் கொள்ளி அவனுடையது.”

கொள்ளி என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னார். இவரிடம் கேட்டுப் பழகி வைத்திருந்திருக்கிறார். பிள்ளைகள் இருவருக்கும் அது விளங்கவில்லை. அவர் கண்ணைக் காட்ட, இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவர்களுக்கு அதன் அர்த்தத்தைச் சொன்னார். மூத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்து போனதை நான் கண்டேன். தன்னுடைய பாட்டன் பூட்டன் எல்லோரும் படுத்திருக்கிற இடத்தை ஒரு மனிதர் இந்த ஒரு பட்டனுக்காக வேண்டாம் என்றார். அதற்கு மேல் அவரிடம் கொடுக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. மற்றதெல்லாம் பட்டத்தோடு கட்டி வைக்கப்பட்டது.

எரிக்கிற இடத்தில் ஆட்கள் அதிகம் இல்லை. அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சிலர், அக்கம்பக்கத்தவர்கள், நாங்கள். பாதிரியார் செபம் சொல்லி முடித்தார். அங்கே வேலை செய்யும் மனிதருக்கு இறந்தவர் ஒரு பிரபு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் மிகுந்த மரியாதையோடு நேரே இளையவரிடம் வந்து, புதிய பட்டத்தைச் சொல்லி அழைத்து, பட்டன் இருந்த பக்கம் கையைக் காட்டினார். மூத்தவர் அப்போதே ஒரு அடி பின்னால் வைத்துவிட்டார். அப்படி வைக்க அவருடைய காலுக்கு அதற்குள் பழக்கம் வந்திருந்தது.

இளையவர் நகரவில்லை. “நான் இல்லை” என்றார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். “அவர்தான் மூத்த மகன்.”

மூத்தவர் முன்னால் வந்தார். இவர் முன்பே பேசிவைத்தபடி அவரோடு போய்ப் பக்கத்தில் நின்றார். கூரையில் கல் அடுக்கிக் காய்த்துப்போன அந்தப் பெரிய கையால் அவர் பட்டனை அமத்தினார். பெட்டி மெல்ல நகர்ந்தது. கதவு திறந்தது, உள்ளே போயிற்று, மூடிக்கொண்டது. அவர் கையை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகும், விட்டால் வேறு யாரோ வந்து பிடித்துவிடுவார்கள் என்று பயந்தவர் போல, அமத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர்தான் அவருடைய தோளில் கை வைத்தார். அந்த நேரம் இவருக்கு ஆங்கிலம் மறந்துவிட்டது.

“போதும் அண்ணை. இனிக் கையை எடுங்கோ.”

மூத்தவர் கையை எடுத்தார்.